கப்பலேறிய கொள்ளுத்தாத்தா ஏன் திரும்பி வரவில்லை?

லால்குடிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பண்ணையாளாக இருந்து, 1937-ல் மலாயாவுக்குப் போன தன் கொள்ளுத்தாத்தாவைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அவர் கப்பலேறியபோது கேட்டவரின் அப்பாயி மூன்று வயதுக் குழந்தை. 1941 வரை கடிதமும் மணியார்டரும் வந்திருக்கின்றன. அப்புறம் ஐந்து வருடம் பேச்சுமூச்சு இல்லை. 1946-ல் ஒரே ஒரு கடிதம்: உடம்பு இன்னும் தேறவில்லை, கையில் பணமில்லை, அடுத்த வருஷம் வருகிறேன். அதோடு சரி. தொண்ணூறைத் தாண்டிய அப்பாயி இன்றும் “எங்கப்பா எங்கள மறந்துட்டாரு” என்றுதான் சொல்கிறாராம். அவர் எப்படிப் போயிருப்பார், ஏன் வரவில்லை, இனிமேல் தேட வழி உண்டா என்பது கேள்வி.

முதலில் அப்பாயியிடம் போய் ஒன்றைச் சொல்லுங்கள். மறந்தவர் 1946-ல் கடிதம் எழுதியிருக்க மாட்டார். அந்த ஒரு கடிதத்தை எழுத அவர் எவ்வளவு தூரம் கடந்து வந்திருக்க வேண்டும் என்று கீழே சொல்கிறேன். மற்றவற்றில் ஊகம் இருக்கலாம், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

போன விதத்திலிருந்து தொடங்குகிறேன். சஞ்சிக் கூலி எனப்பட்ட ஒப்பந்த முறை மலாயாவில் 1910-ல் நிறுத்தப்பட்டுவிட்டது. அதற்குப் பின் கங்காணிகளின் காலம். ரப்பர் தோட்டத்திலிருந்து சொந்த ஊருக்கு வரும் கங்காணி (வேலையாட்களின் மேற்பார்வையாளர்), உறவிலும் தெருவிலும் ஆள் சேர்த்துக் கூட்டிப்போவார். 1930-களின் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைத் திருப்பி அனுப்பினார்கள். கங்காணி ஆள்சேர்ப்பும் அத்துடன் ஏறக்குறைய ஓய்ந்தது. ஆகவே உங்கள் கொள்ளுத்தாத்தா, முன்பே போயிருந்த அண்ணனையோ மச்சானையோ நம்பித் தாமாகவே நாகப்பட்டினம் டிப்போவுக்கு (கப்பலேறுபவர்களைத் தங்கவைக்கும் முகாம்) வந்தவராக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். ரப்பர் விலை மீண்டும் ஏறிய 1937-ல் அப்படி இலவசப் பயணத்தில் போனவர்கள் மட்டும் அரை லட்சத்துக்கு மேல். கப்பல் செலவைத் தோட்ட முதலாளிகளிடம் வசூலித்த குடியேற்ற நிதி ஏற்றுக்கொண்டது. அடுத்த ஆண்டே, 1938 ஜூனில், கூலியைக் குறைத்ததற்கு எதிர்ப்பாக இந்திய அரசு இந்த உதவிப் பயணத்தைத் தடை செய்துவிட்டது. அந்தக் கதவு அடைபடும் முன் கடைசியாக நுழைந்தவர்களில் அவரும் ஒருவர்.

நாகப்பட்டினத்தில் பெரிய கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆழ்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். சலங்குப் படகில் ஆட்களை ஏற்றி, அலையில் தூக்கித் தூக்கிப் போட்டுக்கொண்டு கப்பலருகே கொண்டுபோவார்கள். கடலையே பார்த்திராத வயல்காட்டு மனிதருக்கு முதல் பயம் அங்கேயே பிடித்திருக்கும். அந்தக் காலத்தில் அந்தத் தடத்தில் எல்லோருக்கும் தெரிந்த கப்பல் ரஜூலா. 1926-ல் ஸ்காட்லாந்தில் கட்டப்பட்டது, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்குச் சொந்தமானது. சென்னையில் புறப்பட்டு நாகப்பட்டினம் தொட்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று போகும். ஆயிரக்கணக்கானோர் டெக்கில்தான் பயணம் செய்தார்கள். பாய் விரித்த இடம்தான் வீடு. தகரப் பெட்டியைத் தலைமாட்டில் வைத்து, அதன் பிடியில் துணியைக் கட்டிக் கையில் சுற்றிக்கொண்டு தூங்குவார்கள் என்று பழைய பயணிகள் சொல்லக் கேட்டிருக்கிறேன். வங்கக் கடலைத் தாண்ட ஐந்தாறு நாள் ஆகும். பினாங்கில் இறங்குகிறவர்களை நேரே ஊருக்குள் விடுவதில்லை. எதிரே உள்ள ஜெரஜாக் தீவில் தொற்றுநோய்த் தடுப்பு முகாம் இருந்தது. அங்கே சில நாள் வைத்திருந்து, துணிமணிகளுக்கு மருந்தடித்து, அப்புறம்தான் தோட்டத்துக்கு அனுப்புவார்கள்.

தோட்டத்தில் விடியுமுன் பிரட்டுக்களத்தில் நிற்க வேண்டும், பெயர் கூப்பிடுவார்கள். பிறகு கித்தா என்ற ரப்பர் காட்டுக்குள் பால்வெட்டு. 1937-ல் ஓர் ஆணுக்கு நாள் கூலி அரை வெள்ளி, அதாவது அரை மலாயா டாலர். பெண்ணுக்கு 40 காசு. அன்றைக்கு ஒரு வெள்ளி ஏறக்குறைய ஒன்றரை ரூபாய். மாதம் 24 நாள் வேலை கிடைத்தால் 12 வெள்ளி, நம் கணக்கில் சுமார் 18 ரூபாய். அரிசிக்கும் உப்பு புளிக்கும் கடைக்காரரிடம் பற்று வைத்துச் சம்பள நாளில் கழித்துக்கொள்வார்கள். மீதியிலிருந்து மாதா மாதம் அனுப்ப முடியாது. பொங்கலுக்கு ஒன்று, ஆடிக்கு ஒன்று என்று மணியார்டர் வந்திருந்தாலே வாயைக் கட்டி வயிற்றைக் கட்டித்தான் அனுப்பியிருக்கிறார் என்று அர்த்தம். இன்னொன்றையும் மனசில் வையுங்கள். ஊரில் பண்ணையாளாக இருந்தவருக்கு அந்த அரை வெள்ளிதான் வாழ்க்கையில் முதல்முறையாகப் பணமாகக் கையில் வாங்கிய கூலி. திரும்பி வந்தால் அதே மிராசுதார் வாசலில் நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும். ஊரை நினைத்து ஏங்குவதும் அந்த வாசலுக்குத் திரும்ப மனமில்லாததும் ஒரே மனிதருக்குள் ஒன்றாகவே இருந்தன. இதைச் சொல்லாமல் மலாயாக் கதையைச் சொன்னால் அது பாதிக் கதை.

இப்போது கடிதங்கள். 1941 வரை வந்தவற்றை வீட்டில் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவற்றைப் படித்துவிட்டு, “எல்லாம் ஒரே மாதிரி, பாசமாக ஒரு வார்த்தை கூட இல்லை” என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். அவர் எழுதத் தெரிந்தவர்தானா என்று முதலில் பாருங்கள். கையெழுத்து கடிதத்துக்குக் கடிதம் மாறுகிறதா? மாறினால் வேறு யாரோ எழுதியிருக்கிறார்கள். தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணியோ, தமிழ்ப் பள்ளிக்கூட வாத்தியாரோ, லயத்தில் (தொழிலாளர்களின் வரிசை வீடுகளில்) நாலெழுத்துத் தெரிந்த ஒருவரோ. ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வாசலில் இன்னும் பலர் காத்திருக்க, எல்லோர் காதிலும் விழும்படி வாய்விட்டுச் சொல்லித்தான் எழுதச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கம் அதே கடிதத்தை மாமனார், மைத்துனர், பக்கத்து வீட்டுக்காரர் முன்னால் இன்னொருவர் உரக்கப் படிப்பார். இப்படி இரண்டு பக்கமும் சபை கூடியிருக்கும்போது பெண்டாட்டிக்கு என்ன எழுத முடியும்? அதனால்தான் “நாளது தேதி வரை இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்குக் கடிதம் எழுதவும்” என்று தொடங்கி, பெரியவர்களுக்கு நமஸ்காரம், சின்னவர்களுக்கு ஆசீர்வாதம் என்று வரிசையாக முடிகிறது.

ஆனால் நடுவில் பாருங்கள். அங்கேதான் மனிதர் இருக்கிறார். நான் படித்த இந்த மாதிரிக் கடிதங்களில் எல்லாம் நடுப்பகுதியில் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. சிவலைப் பசு கன்று போட்டதா, கூரை இந்த மழைக்குத் தாங்கியதா, வாய்க்கால் கரைத் தென்னை காய்க்கிறதா, பாப்பாவுக்குக் காது குத்தியாகிவிட்டதா. மாட்டின் நிறத்தைச் சொல்லிக் கேட்பவர், கூரையின் எந்த மூலை ஒழுகும் என்று நினைவு வைத்திருப்பவர் வீட்டை மறந்தவர் இல்லை. உங்களிடம் உள்ள கடிதங்களில் குழந்தையைப் பற்றி ஒரு கேள்வியாவது இருக்கும். தேடி எடுத்து அப்பாயிக்குப் படித்துக் காட்டுங்கள். மூன்று வயதில் கேட்டு மறந்தது, இப்போது நேராக அவர் காதுக்கே போகட்டும்.

1941 டிசம்பரில் ஜப்பான் படைகள் மலாயாவில் இறங்கின. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் விழுந்தது. தபால், கப்பல், மணியார்டர் எல்லாம் ஒரே வெட்டாக நின்றன. மூன்றரை ஆண்டுக்கு மேல் தமிழ்நாட்டுக் கிராமங்களில் யாருக்கும் யாரைப் பற்றியும் தகவல் இல்லை. தாலியோடு இருப்பதா, கழற்றுவதா என்று தெரியாமல் பெண்கள் இருந்தார்கள். அந்தப் பக்கம் ரப்பர் வாங்க ஆளில்லாமல் தோட்டங்கள் முடங்கின. அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கே சாப்பாடு ஆயிற்று. தோட்டங்களிலிருந்து ஆயிரமாயிரம் தமிழர்களைச் சயாமுக்கும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கும் இடையே ரயில்பாதை போட ஜப்பானியர் பிடித்துக்கொண்டு போனார்கள். நல்ல கூலி, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிக் கூட்டிப்போனவர்களும் உண்டு, லயத்தை வளைத்து லாரியில் ஏற்றியதும் உண்டு. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942 நடுவில் தொடங்கிய வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. மலைக்காய்ச்சல், காலரா, பட்டினி, மூங்கில் கீறி அழுகிப்போகும் கால்புண். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று இறந்துபோன ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் இருக்கும் என்று மதிப்பிடுகிறார்கள். அதே பாதையில் இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குக் காஞ்சனாபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் கிட்டத்தட்ட 7,000 இருக்கின்றன. நம்மவர்களுக்குத் தனித்தனிக் கல்லறையும் இல்லை, முழுமையான பெயர்ப் பட்டியலும் இல்லை. இதை எழுதும் ஒவ்வொரு முறையும் எனக்கு மனசு ஆறுவதில்லை.

இனி அந்த 1946 கடிதத்தை எடுங்கள். உறை இருந்தால் அதன் தபால்தலையில் ஜார்ஜ் மன்னரின் படமும், மேலே பி.எம்.ஏ. மலாயா என்று குறுக்கே அச்சடித்ததும் தெரியும். போர் முடிந்த கையோடு பிரிட்டிஷ் ராணுவ நிர்வாகம் வெளியிட்ட தபால்தலை அது. உடம்பு தேறவில்லை என்கிறார். சயாமிலிருந்து மீண்டவராக இருக்கலாம், தோட்டத்திலேயே பட்டினியில் வாடியவராகவும் இருக்கலாம். கடிதத்தில் சயாம், ரயில், காடு என்ற சொற்கள் எங்காவது வந்தால் முதலாவதுதான். கையில் பணமில்லை என்பதும் சும்மா சொன்ன காரணம் இல்லை. ஆக்கிரமிப்புக் காலத்தில் புழங்கிய, வாழைமரப் படம் போட்ட ஜப்பான் தாள்களை வெள்ளைக்காரன் திரும்பி வந்ததும் செல்லாது என்று அறிவித்துவிட்டான். ஊருக்குப் போக என்று சேர்த்து வைத்தவர்களின் முடிச்செல்லாம் ஒரே நாளில் வெறும் காகிதமாயிற்று. போருக்குப் போயிருந்த கப்பல்கள் பழைய தடத்துக்குத் திரும்பவும் நாளாயிற்று. அப்படிப்பட்ட நேரத்தில், எழுந்து நடக்க முடிந்தவுடன் ஒருவரைப் பிடித்து எழுதச் சொல்லியிருக்கிறார்.

அதற்குப் பிறகு என்ன ஆனது? வாய்ப்புகளை மறைக்காமல் சொல்கிறேன். அடுத்த வருஷம் வருகிறேன் என்ற மனிதர் அந்த அடுத்த வருஷத்துக்குள் இறந்திருக்கலாம். போருக்குப் பிந்திய ஓரிரு ஆண்டுகளில் நோயில் இறந்தவர்கள் நிறைய. லயத்தில் தனியாக இருந்தவர் இறந்தால், ஊர் முகவரி தெரிந்தவர் யாராவது எழுதிப் போட்டால்தான் செய்தி வரும். அந்த ஆளும் சயாமில் இறந்துபோயிருந்தால் சொல்ல ஆள் இல்லை. மலாயா இந்தியர்களின் குடியேற்றத்தை ஆராய்ந்த கெர்னியல் சிங் சந்து, 1786 முதல் 1957 வரை அங்கே வந்த இந்தியர்கள் 42 லட்சம், திரும்பியவர்கள் 30 லட்சம் என்று கணக்கிட்டார். மிச்சம் 12 லட்சம். ஆனால் 1957-ல் மலாயாவிலும் சிங்கப்பூரிலும் சேர்த்து எண்ணிய இந்தியர்கள் எட்டு லட்சத்துக்குச் சற்று மேல்தான், அதிலும் அறுபது சதவீதத்துக்கு மேல் அங்கேயே பிறந்தவர்கள். மிச்சப்பட்ட 12 லட்சத்தில் பெரும்பாலோர் நோயிலும் பட்டினியிலும் பாம்புக் கடியிலும் அந்த மண்ணிலேயே மடிந்திருக்கிறார்கள் என்பதே சந்துவின் முடிவு. வராமல் போனவர்களைப் பற்றிப் பேசும்போது நம் வீடுகளில் இந்தச் சாத்தியத்தை முதலில் நினைப்பதே இல்லை, கோபம்தான் முந்திக்கொள்கிறது.

உயிரோடு இருந்திருந்தால்? 1948 ஜூனில் அவசரகாலச் சட்டம் வந்தது. கம்யூனிஸ்டுகளோடு நடந்த சண்டையில் தோட்ட மக்களைக் கம்பிவேலிக்குள் இடம் மாற்றிக் குடிவைத்தார்கள். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கின. வாங்கியவர்கள் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். துண்டாடல் என்று அங்குள்ளவர்கள் இன்றும் வேதனையோடு சொல்வது இதைத்தான். வேலையும் போய், லயத்து வீடும் போய்க் குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. இதைத் தடுக்கவே மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவர் வீ. தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் பங்குப் பணத்தைச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கினார். உங்கள் வீட்டிலிருந்து போன பதில் கடிதம் பழைய தோட்டத்து முகவரிக்குப் போய்ச் சேராமலேயே இருந்திருக்கலாம். அங்கே அவரும் பதில் வரவில்லையே என்று உட்கார்ந்திருக்கலாம்.

சட்டமும் நடுவில் சுவர் எழுப்பியது. 1953 ஆகஸ்டு முதல் புதிதாக வருகிறவர்களுக்கு மலாயாவில் கடும் கட்டுப்பாடு. 1959-ல் இன்னும் இறுக்கி, கணவனைப் பிரிந்து ஐந்து ஆண்டுக்கு மேல் ஆகிவிட்ட மனைவிக்கு அனுமதி இல்லை என்ற நிலை வந்தது. பிரிந்திருந்ததே சேராமல் இருக்கக் காரணமாக்கப்பட்டது. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாத சிவப்பு அடையாள அட்டைக்காரர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்று ஆயிற்று. கிடைக்காமல் பல்லாயிரம் பேர் ஊர் திரும்பினார்கள். அதிலும் அப்பா இங்கே, அங்கே பிறந்த பிள்ளைகள் அங்கே என்று குடும்பங்கள் மறுபடி பிரிந்தன.

கடைசியாக, சொல்லத் தயங்கும் விஷயம். அவருக்கு அங்கே இன்னொரு குடும்பம் அமைந்திருக்கலாம். சயாமில் கணவனை இழந்த பெண்கள் கைக்குழந்தைகளோடு தோட்டங்களில் நின்ற காலம் அது. தனியாக மீண்ட ஆண்களும் அவர்களும் சேர்ந்து குடும்பமானது நிறைய நடந்தது. அப்படி நடந்திருந்தால் கடிதம் நின்றதற்கு வெட்கமே காரணம் என்று நான் நினைப்பேன். உங்கள் கொள்ளுப்பாட்டி பட்ட பாடு அதனால் குறையாது. அப்பாயிக்குக் கோபப்பட உரிமை உண்டு, அதை ஆற்ற நீங்கள் அவசரப்பட வேண்டாம். மறந்துவிட்டார் என்பதும் எழுதத் துணியவில்லை என்பதும் வேறுவேறு என்று மட்டும் அவருக்குத் தெரியட்டும்.

தேடுவதற்கு உங்கள் கையில் இருப்பதிலேயே நல்ல பிடி உறையின் தபால் முத்திரைதான். எந்த ஊர் என்று பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள். பெயர் மாறிய ஊர்கள் பல: தெலுக் ஆன்சன் இன்று தெலுக் இந்தான், போர்ட் சுவெட்டன்ஹாம் இன்று போர்ட் கிள்ளான், பத்தாங் பெர்ஜுந்தை இன்று பெஸ்தாரி ஜெயா, வெல்லெஸ்லி மாகாணம் இன்று செபராங் பிறை. அடுத்து, கடிதத்தில் உள்ள தோட்டத்தின் பெயர். தோட்டம் செம்பனையாகவோ (எண்ணெய்ப் பனை) வீட்டுமனையாகவோ மாறியிருக்கும், ஆனால் அதிலிருந்த தமிழ்ப்பள்ளி பெரும்பாலும் பழைய தோட்டத்தின் பெயரையே வைத்துக்கொண்டிருக்கும். மலேசியாவில் இன்றும் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் உண்டு. பெயர் பொருந்தும் பள்ளியின் தலைமையாசிரியருக்கும், அருகிலுள்ள மாரியம்மன் கோயில் நிர்வாகத்துக்கும் தமிழிலேயே எழுதுங்கள். பழைய தோட்டத்து ஆட்கள் எங்கே குடிபோனார்கள் என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். திருவிழாவுக்கு மட்டும் பழைய கோயிலுக்கு வந்து கூடுகிறவர்கள் உண்டு, அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள்.

அவசரகாலத்தில், 1948-ல், அங்கே எல்லோருக்கும் அடையாள அட்டை கொடுக்கத் தொடங்கினார்கள். அதுவரை இருந்திருந்தால் அவர் பெயர் பதிவாகியிருக்க வேண்டும். கிராணி காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிய பெயர் அது, ஆகவே நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துத் தேடுங்கள். அவருடைய அப்பாவின் பெயரும் கட்டாயம் வேண்டும், அங்கே இன்றும் இன்னார் மகன் இன்னார் என்றுதான் பதிவு. கோலாலம்பூரில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் காலனிக் காலக் கோப்புகள் இருக்கின்றன. சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்தக் காலக் குடிபெயர்வு பற்றிய அரசாணைகள் கிடைக்கும், தனி ஆளின் பெயரை அங்கே எதிர்பார்க்காதீர்கள். 1935-ல் தொடங்கிய தமிழ் முரசின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர் தேசிய நூலகம் இணையத்தில் வைத்திருக்கிறது. தோட்டத்தின் பெயரைப் போட்டுத் தேடினால் சுற்றுவட்டாரச் செய்தியாவது அகப்படும்.

யாரையாவது கண்டுபிடித்துவிட்டால், முதல் கடிதத்தில் சொத்து, பங்கு, ஏன் விட்டுவிட்டுப் போனார் என்ற பேச்சையே எடுக்காதீர்கள். அவர்களுக்கு இப்படி ஒரு குடும்பம் இருப்பதே தெரியாமல் இருக்கலாம். அவர் பெயர், அவர் அப்பா பெயர், ஊர்ப் பெயர், குலதெய்வத்தின் பெயர், 1946 கடிதத்தின் ஒரு படம். இவ்வளவு போதும். குலதெய்வத்தின் பெயரை மட்டும் விட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெயர் மறந்த குடும்பங்களிலும் அது தெரிந்திருக்கும், வீட்டு மூலையில் படத்தை வைத்து இன்றும் கும்பிட்டுக்கொண்டிருப்பார்கள்.